பெண் வீட்டுக்குப் பிடிக்காத காசு

"இந்தப் பணம் ஆகாதாம்டா" என்றார் குவான்சா மாமா, லாரியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக.

எபோவுக்குப் பகீரென்றது. இருபத்தைந்து பவுண்டு. செகண்டி ரயில்வே ஆபீஸில் டிக்கெட் குமாஸ்தா வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். எக்குவாவைப் பெண் கேட்க அதைத்தான் மாமா கையில் அவள் ஊரான சால்ட்பாண்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தான்.

"ஏன் மாமா ஆகாது? கள்ள நோட்டா?"

"நல்ல நோட்டுதான். அடுத்த மாசம் பவுண்டையே எடுத்துட்டு சீடின்னு புதுக்காசு விடுறாங்கல்ல? போகப்போற காசை வாங்கிக்கிட்டு வாழப்போற பொண்ணைக் குடுக்கணுமான்னு கேக்கறாங்க."

"சரி, திருப்பிக் குடுங்க. பாங்க்ல மாத்திக்கறேன்."

மாமா காதைப் பொத்திக்கொண்டார். "சபையில வெச்ச பணத்தைத் திருப்பிக் கேப்பாங்களாடா? அதை, பொண்ணு கேட்டு மொதல்ல கதவு தட்டுறதுக்குன்னு ஒரு காசு உண்டுல்ல, அதுல வரவு வெச்சுட்டாங்க. பொண்ணுக்கான காசைப் புதுசாக் குடுக்கணும்."

எபோ தானே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் பெண் கேட்கப் போகிற வேலை தாய்மாமனுடையது. பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டினால், பையனுக்கு வளர்ப்பு சரியில்லை என்றுவிடுவார்கள். இதையும் அவனுக்குச் சொன்னது மாமாதான். மனைவி போன பிறகு தனிக்கட்டையாக இருந்த மனிதர், தனக்காக லாரியில் எலும்பு நோக அலைகிறாரே என்று எபோவுக்கு உருக்கமாகக்கூட இருந்தது.

சீடி வந்தது. எட்டு ஷில்லிங் நாலு பென்னி ஒரு சீடி. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவனாக இருக்க முடியாது. பகலெல்லாம் பயணிகளிடம் ஏச்சு வாங்கி, மீதி நேரமெல்லாம் கடன் கேட்டு, இருபத்தைந்து பவுண்டுக்குச் சரியாக அறுபது சீடி சேர்த்தான் எபோ. மொடமொடவென்று புது நோட்டு.

மாமா போனார். மூன்று நாள் கழித்துக் கையில் வறுத்த மீனோடு திரும்பினார்.

"இதுவும் ஆகாதாம்டா."

"இதுல என்ன குறை?"

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நோட்டுல தலைவர் முகம் இருக்கில்ல? பொண்ணோட அம்மா தூக்கிப் பாத்துட்டு, 'எம்பொண்ணை உங்க மருமகனுக்குக் கேக்கறீங்களா, இவருக்குக் கேக்கறீங்களா'ன்னு கேட்டுட்டாங்க."

"அப்போ சில்லறையாக் குடுக்கறேன்."

"சில்லறையிலயும் அவர்தான்டா இருக்காரு!"

"பணம் எங்க மாமா?"

"பொண்ணோட அண்ணன் தம்பிங்க காசுல வரவு வெச்சுட்டாங்க. எப்படியும் குடுக்க வேண்டியதுதானே."

எபோ சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்த மனிதர், தன் கல்யாணத்துக்குக் குறுக்கே இப்படி வந்து உட்காருவார் என்று அவன் நினைக்கவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ராணுவம் தலைவரை இறக்கியது. ஊரே தெருவுக்கு வந்து ஆடியது. எபோவும் ஆடினான், அவனுடைய காரணம் வேறு. மறுபடி சேர்த்து வைத்திருந்த அறுபது சீடியை அன்றைக்கே மாமா கையில் திணித்தான். "இப்போ அவர் சும்மா ஒரு மனுஷன் மாமா. யாரும் பயப்பட வேண்டாம்."

மாமா ஒரு வாரம் கழித்து வந்தார். உடம்பு கொஞ்சம் பூசினாற்போலிருந்தது.

"முன்னாடி ஆளுற மனுஷன் முகம். இப்போ விழுந்த மனுஷன் முகம். நல்ல காரியத்துக்கு விழுந்தவன் முகத்துலயா முழிக்கறதுன்னு கேக்கறாங்கடா."

"அதையும் வரவு வெச்சுட்டாங்களாக்கும்?"

"பொண்ணோட அம்மாவுக்குத் துணி எடுக்கற காசுல" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல்.

எபோ ரத்தம் கொதிக்க ஆபீசுக்குப் போனான். அன்றைக்கு டிக்கெட் கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தான்.

இன்னும் ஒரு வருஷம் போயிற்று. தலைவர் முகம் இல்லாத புது சீடி வந்தது. பழைய அறுபதுக்குப் புதுசு ஐம்பது. மதிப்பு ஒன்றேதான், எண்ணிக்கைதான் குறைவு. ஐம்பதை நீட்டினான் எபோ.

மாமா தொடவில்லை. "பத்து குறையுதே."

"குறையலை மாமா! அன்னிக்கு அறுபதும் இன்னிக்கு ஐம்பதும் ஒண்ணுதான்! ரெண்டுமே அந்த இருபத்தஞ்சு பவுண்டுதான்!"

"எனக்குப் புரியுது. பொண்ணைப் பெத்தவகிட்ட போயி 'ஒரு வருஷத்துல உம்பொண்ணு பத்து குறைஞ்சுட்டா'ன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? அறுபதா ஆக்கு. நாளைக்கு நான் அந்தப் பக்கம் போற வேலை இருக்கு. அவங்களைக் கொஞ்சம் சமாதானம் பண்ணி வைக்கறேன்."

அன்று சாயங்காலமே மீன் லாரிக்காரன் ஒருவன் எக்குவாவின் சேதியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"ஈஸ்டருக்குள்ள உங்க ஆளுங்க ஒழுங்கா வரணுமாம். இல்லைன்னா யாரோ ஒரு வாத்தியாராம், அவரு வீட்டுக்காரங்க பொண்ணு கேட்டு வந்து கதவைத் தட்டப் போறாங்களாம். 'நான் எத்தனை நாள் வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கறது'ன்னு அழுதுச்சுங்க அந்தப் பொண்ணு."

ஒழுங்காக! மூன்று முறை ஆள் போயும் ஒழுங்கில்லையாம்! எபோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வளர்ப்பு சரியில்லை என்றால் சொல்லிக்கொள்ளட்டும். வாத்தியாருக்குக் கொடுக்கவா இத்தனை நாள் பட்டினி கிடந்தோம்? ஐம்பது சீடியையும் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை லாரி ஏறினான்.

சால்ட்பாண்டில் இறங்கியபோது பசி காதை அடைத்தது. லாரி நிறுத்தத்திலேயே ஒரு பெண் புளித்த சோளமாவைக் கொழுக்கட்டையாக இலையில் சுற்றி அவித்து, கெங்கி என்று கூவி விற்றுக்கொண்டிருந்தாள். வாங்கி, மிளகாய் அரைத்ததைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே எக்குவா வீட்டுக்கு வழி கேட்டான்.

"கடலோரத் தெருவுல பச்சைக் கதவு" என்றாள் அவள். "நீ எந்த ஊரு தம்பி?"

"செகண்டி. இங்க அடிக்கடி வர்றாரே குவான்சா, அவரோட மருமகன்."

"யாரு, எபோவா!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் இரண்டு கெங்கியும் ஒரு முழு மீனும் அவன் இலையில் வந்து விழுந்தன.

தன் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் தன் கதை நாறிவிட்டது போலிருக்கிறது. எபோ கூசிப்போய், சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

அவனுக்கு வந்ததே கோபம். "என்னம்மா, இதுவும் செல்லாதா? பவுண்டு ஆகாது, தலைவர் முகம் ஆகாது, முகமில்லைன்னா எண்ணிக்கை பத்தாது! கெங்கி விக்கிறவளுக்குக்கூட என் காசு ஆகலைன்னா நான் எந்த நாட்டுக் காசைத்தான் கொண்டுவர்றது?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"செல்லாம என்ன, பவுண்டும் தலைவர் நோட்டுமா உங்க மாமா கொண்டாந்து குடுத்ததை எங்க வீட்டுல ஒருத்தரும் வேணாங்காம வாங்கிக்கிட்டுத்தானே என்னை அவருக்குக் கட்டிக்குடுத்தாங்க! சொந்த அத்தைகிட்ட யாராவது கெங்கிக்குக் காசு நீட்டுவாங்களாப்பா?"