மாமாவுக்கு நான் அடித்த இரட்டை மருந்து

எனக்குப் படிப்பு வராது. பயம் வந்தால் பொய் வரும். இரண்டும் சேர்ந்து ஒருநாள் என் மாமனாரைக் கொல்லப் பார்த்தன.

மாமாவுக்கு மறதி நோய். சொந்த மகளை, அதாவது என் மனைவி கமலாவை, "நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்கும் அளவுக்கு. கிளினிக்கில் வெள்ளைப் பெட்டியில் குளிசை கொடுத்தார்கள், நாளுக்கு ஒன்று விழுங்க. கனடாவில் இருக்கும் மச்சானுக்கு, கமலாவின் தம்பிக்கு, அதில் நம்பிக்கையில்லை. திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் பளபளவென்று ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். அதுவும் நாளுக்கு ஒன்றுதான்.

வெங்காயத்தில் பூச்சி கூடினால் நான் இரண்டு கம்பனி மருந்தைக் கலந்து அடிக்கிறவன். மாமாவுக்கும் அப்படியே செய்தேன். காலையில் வெள்ளைப் பெட்டி, மத்தியானம் கனடா. யாரிடமும் கேட்கவில்லை. (வெங்காயத்துக்கு யாரிடம் கேட்டேன்?)

நான்காம் நாள் மாமா சோற்றைப் பார்த்ததும் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். வேர்த்துக் கொட்டியது. எழுந்தவர் என் மேலேயே சரிந்தார். நாடியைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. அடுத்தது வந்தது, ஆனால் தூரத்துப் பண்டத்தரிப்பிலிருந்து நடந்து வந்தது போல.

ஓட்டோவில் அவர் தலை என் மடியில். கமலா அழவில்லை, என்னையே பார்த்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். வழியில் நல்லூரானுக்கு நான் நேர்ந்த காவடிகளை எடுக்க இன்னும் மூன்று முதுகு வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர். கமலா கொண்டுவந்த கிளினிக் அட்டையைப் பார்த்துவிட்டு, வேறு ஏதும் கொடுத்தோமா என்று கேட்டார். இல்லை என்றேன். (நாக்கு முந்திவிட்டது.) திரும்பவும் கேட்டார். மாமாவின் உதடு வெளிறிக்கிடந்தது. சட்டைப் பைக்குள் ஒளித்திருந்த கனடாக் குளிசை அட்டையை நீட்டினேன். அது நழுவிக் கட்டிலுக்கடியில் விழ, தவழ்ந்து போய் எடுத்தேன்.

"ரெண்டும் ஒரே மருந்து, அண்ணை. பேரும் பெட்டியும்தான் வேறை."

"இது கனடா, டொக்டர்."

"கனடாக்காரருக்கு மறதி வந்தாலும் உதுதான். ரெட்டிப்பாக் குடுத்து அவரின்ரை இதயத்தை மெதுவாக்கிப்போட்டியள். இப்பவாவது சொன்னது நல்லது."

மூன்று நாள் மாமாவின் நெஞ்சில் வயர் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்று நாளும் நான் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் ஓடிய கோட்டையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே போகக் கமலா விடவில்லை.

மாமா தப்பிவிட்டார். கமலாவின் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் நான் தண்ணீர்க் கோப்பையோடு கிட்டப் போனால், வாயை இறுக்கி மூடி, பிறகு அவளிடம் மெல்லச் சொல்வார்: "உவன்ரை கையாலை வேண்டாம்."

இப்போது சனிக்கிழமைகளில் கனடாவிலிருந்து போன் வந்தால் மச்சான் கமலாவிடம் சுகம்கூட விசாரிப்பதில்லை. முதல் கேள்வியே இதுதான்:

"அப்பா அத்தானை இன்னும் மறக்கேல்லைத்தானே?"