கோபுரத்தடியில் நான் வெளிநாட்டுக்காரன் ஆன விவரம்

பொகவந்தலாவை,
மேற்பிரிவு, ஆறாம் லயம்.

கோத்தகிரியில் இருக்கும் என் தங்கச்சி ராக்காயிக்கு, அண்ணன் பழனியாண்டி சொல்லச் சொல்ல, மருமகள் தனுஜா எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்கால் உட்பட அனைவரும் சுகமாயிருக்க மாரியாத்தாளைக் கும்பிடுகிறேன்.

"கண் ஆபரேசன் முடிஞ்சா கொழும்புத் தாமரைக் கோபுரத்துல ஏறி, புதுக் கண்ணால எங்க பக்கம் பாருங்கண்ணே. தை மாசம் நானும் வரட்டா?" என்று போனில் கேட்டாய். அதற்குப் பதில்தான் இது.

போன வியாழன் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு நானும் தனுஜாவும் கோபுரத்துக்குப் போனோம். டிக்கட் கொடுக்கும் பிள்ளை அடையாள அட்டை கேட்டது. நம்ம ஆட்கள் தோட்டத்தைத் தாண்டினால் வீட்டிலுள்ள எல்லாத் தாளையும் கட்டி எடுத்துக்கொண்டு போவோமே, எண்பத்தொன்பதில் ஒரு தாள் குறைந்ததற்காக ஆமிக்காரர்கள் என்னை ஒரு பகல் முழுக்க நிற்க வைத்தார்களே, அதை நினைத்துக் கட்டோடு நீட்டினேன். மேலே இருந்தது இந்தியப் பாஸ்போட்டு. உன் பின்னாலேயே இந்தியாவுக்கு வர எழுபத்துநாலில் எடுத்து, ஒரு சீல்கூட விழாமல் கிடக்கிறதே, அதுதான். "சீயா, நீங்க இந்தியாவா? அப்ப வெளிநாட்டு டிக்கட்" என்று தாத்தா முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லி, டொலரில் விலையும் சொன்னது. தனுஜா நாலு நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சம்பளம்! "மகள், நான் நல்லதண்ணி ஊரைத் தாண்டி ஒரு வெளிநாட்டையும் பார்த்ததில்லையே" என்றேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் தனக்குத் துணை கிடைத்த மாதிரிச் சிரித்தார். "ஐயோ மாமா, இலங்கை ஐடி ஒங்க சட்டப் பையிலதான இருக்கு!" என்று தனுஜா அதை இழுத்துக் காட்டியதும் ஒரே நொடியில் நான் இலங்கைக்காரன் ஆகிவிட்டேன். நம்ம அப்பா பிரஜாவுரிமை கேட்டுச் சாகும்வரை அலைந்தும் ஆகாத காரியம்!

பாஸ்போட்டைத் திருப்பித் தரும்போது உள்ளேயிருந்த உன் படம் விழுந்தது, ரெட்டைச் சடைப் படம். "இது யாரு சீயா?"

"தங்கச்சி. பின்னாலயே வர்றேன்னு சொல்லி ஹட்டன்ல ரயில் ஏத்திவிட்டேன்."

"போனீங்களா?"

எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

மேலே ஏறினேன். என்னத்தைச் சொல்ல, ஒரே மூட்டம். கோத்தகிரியும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. இதைப் பார்க்கவா கடல் தாண்டி வருவாய்? நீ நிஜமான வெளிநாட்டுக்காரி வேறு, டொலர்தான் கேட்பார்கள். வீண் செலவு, வராதே.

மச்சானுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

அண்ணன் பழனியாண்டி (கைநாட்டு)

பின்குறிப்பு: வாசித்துக் காட்டிய தனுஜா, "பொய்ய எழுதி நான் தபால்ல போட மாட்டேன் மாமா" என்று பேனாவை மூடிவிட்டாள். சரி, எழுதச் சொல்லிவிட்டேன். நான் ஏறவில்லை. லிஃப்ட் வாசலோடு திரும்பிவிட்டேன். ஐம்பது வருசம் கழித்து எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பது என்றுதான் வராதே என்றேன். கறுப்பு ஆட்டை விற்றாயிற்று. உன் டொலர் டிக்கட் காசு பாஸ்போட்டுக்குள் உன் படத்தோடு இருக்கிறது. தை மாதம் வா. நீ முன்னால் ஏறு, இந்தத் தடவை நான் பின்னாலேயே வருகிறேன்.