லியோந்தீன் டென்னிஸை விட்டுவிட்டாள்

தியெப், 1911 ஜூன், ஒரு மந்தமான பிற்பகல்

என் பெருமதிப்புக்குரிய அக்கா ஒர்த்தான்ஸுக்கு,

உன் தம்பி அன்செல்ம் பணிவோடு எழுதுவது. இங்கே நான், லியோந்தீன், பூனை மூவரும் சௌக்கியம். லிமோஜில் உன் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ கேட்டிருந்த ஒரே கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், என் மகள் டென்னிஸை விட்டுவிட்டாள். பத்திரிகைப் படத்தில் அவளுடைய கணுக்கால் தெரிகிறதே என்று இனி நீ பாதிரியார் முன்னால் தலைகுனிய வேண்டாம்.

நீ என்னைத்தான் குறை சொல்கிறாய். ஆனால் நான் என்ன செய்வேன், சொல். அவள் அம்மா போனபிறகு அந்தக் குழந்தை வாயே திறக்காமல் இருந்தது உனக்கே தெரியும். கடற்கரையில் ஆங்கிலேயச் சீமாட்டிகள் ஆடுவதைப் பார்த்த அன்றுதான், "அப்பா, அந்தப் பந்துக்குக் கீழ வர மனசே இல்ல பாரு" என்றாள். பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு மட்டை வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு காலையிலிருந்து இருட்டும்வரை தோட்டச் சுவரில் டொக், டொக் என்று சத்தம்தான். பக்கத்து வீட்டுக் கர்னல் தெமாரேயின் சூப்பில் ஒரு பந்து போய் விழுந்தது, அவர் மீசையெல்லாம் வெங்காயத்தோடு வந்து நின்றார், நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பந்து வந்து அவர் தொப்பியைக் கழற்றியது. பிறகு ரூவானில் கோப்பை வாங்கினாள், பிரஸ்ஸல்ஸில் வாங்கினாள், பாரிஸில் தேசத்துச் சாம்பியன் ஆனாள், இடுப்புக் கச்சையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள் என்று நீ மூர்ச்சையானதும் அந்த வருஷம்தான். சுங்க இலாகாவில் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துப் பழகிய எனக்கு என் மகளுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவே இல்லை.

நீ பார்த்துவைத்த வரன் காஸ்பார் நல்ல பையன்தான். பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்வதால் எதையும் மெதுவாகத் தொடுகிறான், மெதுவாக வைக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டம் கூடாது என்று அவன் அம்மா மதாம் புய்யோ சொல்லியனுப்பினார்கள். லியோந்தீன் கையிலிருந்த பந்தைச் சுவரில் ஒருமுறை அடித்துப் பிடித்துவிட்டு, "இந்த வருஷத்துப் பாரிஸ் இறுதிப் போட்டியோட நிறுத்திக்கிறேன்" என்று அவனிடமே வாக்குக் கொடுத்தாள். நிஜமாகவே நிறுத்துகிறாளா என்று பார்த்துவர அவனும் பாரிஸுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அன்று காலையில் மழை. பிறகு வெயில் வந்ததும் செம்மண் தரையிலிருந்து ஆவி எழும்பி ஆடுகளம் முழுக்க வெண்புகையாக நின்றது. அதற்குள் இரண்டு வெள்ளைப் பாவாடைகள் மிதந்தன. கால்களே தெரியவில்லை, நீ இருந்திருந்தால் திருப்திப்பட்டிருப்பாய். எதிரே மதாம் வெர்துரோன், நாற்பது வயதுக்காரி, நடுநடுவே அவித்த முட்டையைத் தின்றுகொண்டே வானத்துக்கும் பூமிக்குமாகப் பந்தைத் தூக்கி அடிக்கிறாள். முதல் செட் லியோந்தீன் கையைவிட்டுப் போய்விட்டது. எனக்கு வழக்கம்போலப் பயத்தில் கண் சொருகியது. கனவா நிஜமா தெரியவில்லை, அக்கா, பந்து மேலே போய் அங்கேயே நின்றது, பாரிஸ் மணிகளெல்லாம் நின்றன, லியோந்தீன் அதன் கீழே அண்ணாந்து நின்று அதை இறங்கி வரச்சொல்லி அழைப்பதுபோல இருந்தது. காஸ்பார் என் தோளைத் தட்டினான்.

"மாமா, இது எப்ப முடியும்?"

"ஏன், பசிக்குதா?"

"இல்ல மாமா. முடிஞ்சிடக் கூடாதேன்னு இருக்கு."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கையிலிருந்த தொப்பியைக் கசக்கி அப்பமாக்கியிருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனைப்போல வியர்த்திருந்தான்.

அவள் ஜெயித்துவிட்டாள். எப்படி என்று கேட்காதே, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போனபிறகு பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். பாதமெல்லாம் செம்மண்.

"கடைசிப் பந்து வரும்போது எனக்கு ஒண்ணுமே கேக்கல அப்பா. நான் இருக்கேனான்னே தெரியல. அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

"அப்ப..."

"வாக்குக் குடுத்துட்டேன்ல. விட்டாச்சு."

ஊருக்கு வந்ததும் மட்டைகளைப் பரணில் போட்டாள். தையல் எடுத்து உட்கார்ந்தாள். சாப்பிடும்போது ஒரு ஈ வந்தால் கரண்டியோடு கை தானாக உயர்கிறது, பிறகு வெட்கப்பட்டு இறங்கிவிடுகிறது. வீட்டில் அப்படி ஒரு அமைதி. நேற்று கர்னல் வந்து கதவைத் தட்டினார்.

"என்னய்யா, உம்ம பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா? அந்தச் சத்தம் இல்லாம மத்தியானத்துல கண்ணே மூட முடியல எனக்கு."

எனக்கும்தான் என்று சொல்ல வந்து, அவருக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஆனால் நீ அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். எல்லாம் உன் விருப்பப்படியே முடிந்தது. செப்டம்பரில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், பாதிரியாரிடம் பேசிவிடு. மதாம் புய்யோவுக்கு என் மரியாதை கலந்த வணக்கம். அத்தானுக்குச் சாந்தமும் உன் மூட்டுகளுக்குச் சுகமும் கர்த்தர் அருளட்டும்.

உன் சொல் தட்டாத தம்பி,
அன்செல்ம்

பின்குறிப்பு: உறையில் ஆங்கிலேயத் தபால்தலை இருப்பதைப் பார்த்துப் பதறாதே. இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது காஸ்பார் வாசலில் வந்து நின்றான். "வாக்கை எங்கிட்டதானே குடுத்தா மாமா? நான் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றான். நான் தொப்பியை மாட்டுவதற்குள் பரணில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. இப்போது மூவரும் லண்டன் போட்டிக்காகக் கப்பலில் இருக்கிறோம், கரையிறங்கியதும் இதைத் தபாலில் சேர்ப்பேன். கல்யாணம் எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை. காஸ்பார் மட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறான், அவள் கடல் காற்றில் தூங்கிக்கொண்டே சிரிக்கிறாள். மதாம் புய்யோவிடம் நீதான் பக்குவமாகச் சொல்லவேண்டும். லியோந்தீன் தோற்றால் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுவோம். தோற்கமாட்டாள்.