மார்க்கர் அண்ணன் கேட்ட சம்மதம்

சிங்கப்பூரில் சட்டத்துக்குப் பயப்படுபவர்கள் உண்டு, மதிப்பவர்களும் உண்டு. சட்டத்தோடு குடித்தனமே நடத்தியவர் எங்கள் மார்க்கர் அண்ணன் ஒருவர்தான்.

தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த கல்யாணத் தகவல் நிலையத்தில் அப்போது எனக்கு வேலை. முதலாளியம்மாவுக்குக் கீழே அண்ணனையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர். எவ்வளவு சின்ன நிறுவனமானாலும் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஜாதகங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணனை முதலாளியம்மா ஒப்புக்கு அதிகாரி ஆக்கினார். மனிதர் அதை ஒப்புக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான ஒருநாள் வகுப்புக்குப் போய்விட்டு, ஒரு பெட்டி கறுப்பு மார்க்கரோடு திரும்பினார்.

அன்று முதல் பெண் வீட்டார் விவரத்தில் எதையெல்லாம் கறுப்படித்து மறைக்கலாம் என்பதே அவர் சிந்தனை. ஒரு மாப்பிள்ளையின் அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, பொண்ணு எங்க இருக்கு?"

"ரோகிணி நட்சத்திரம் இருக்கே சார். மொதல்ல அது பொருந்துதான்னு பாருங்க. பொருந்தினா பேரு தர்றேன்."

"பேரே தெரியாம எப்படி லா?"

"தேவைக்கு மேல தகவல் தரக்கூடாது சார்."

இன்னொருவர் இருபத்தெட்டு வயது மகளைப் பதிய வந்தார். "அப்பா கையெழுத்து செல்லாது சார்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அந்தப் பெண்ணையே போனில் அழைத்தார். "உங்க விவரத்த இங்க பதிய சம்மதமாம்மா?"

"ஹலோ, என்ன விவரம்? எனக்கே தெரியாதே!"

அப்பா புகைப்படத்தைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். "இந்தச் சட்டம் கம்பெனியக் காப்பாத்தும்னு பாத்தா, மூடிடும் போல" என்று முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தோ பாயோ வட்டாரத்துக் குடும்பம் ஒன்று ஒரே ஒரு பெண்ணின் ஜாதகம் கேட்டது. அலுவலகக் கைப்பேசியிலிருந்து, அந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு எங்கள் மொத்தப் பட்டியலையும் அனுப்பிவிட்டேன். பெயர், சம்பளம், எடை, முன்பு நின்றுபோன நிச்சயம், அதற்குக் காரணம் எல்லாம் அதில் இருந்தன. பதறிப்போய் அழிப்பதற்குள் ஓர் அத்தை போன் செய்துவிட்டார். "இருபத்துமூணாவது வரியில இருக்கறது எங்க மாமா பொண்ணு. அவளுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆச்சா?"

வேலை போனால் வேலை அனுமதியும் போகும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"உக்காருங்க தம்பி. தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"அழிச்சாச்சுல்ல? சத்தம் போடாம விடுங்க" என்றார் முதலாளியம்மா.

"சம்பள விவரமெல்லாம் வெளிய போயிருக்கு மேடம். மூணு நாளுக்குள்ள தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லணும். பட்டியல்ல இருக்கறவங்களுக்கும் சொல்லணும்."

"மூணு பேரும் அந்தப் போனத்தான் எடுக்கறீங்க. யாரு அனுப்புனது?"

"ஃபாரத்துல அந்தக் கேள்வி இல்ல மேடம். பொறுப்பு யாருன்னுதான் இருக்கு. என் பேரப் போட்டுட்டேன்."

பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து அழைத்துப் பேசினார். காது கூசும் வசவுகளுக்கெல்லாம் "ஆமாம்மா, எங்க தப்புதாம்மா" என்றார். தொண்டை கட்டிக்கொண்டது. மாதக் கடைசியில் முதலாளியம்மா அவரை அனுப்பிவிட்டார். அனுப்பியது நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு இனிப்போடு போய்ப் பார்க்கலாம் என்று முதலாளியம்மாவிடம் அவர் முகவரி கேட்டேன். "ஃபைல்ல இருக்கும், பாத்துக்கோ" என்று அவர் கோப்பை நகர்த்தினார். அட்டையைத் திறந்தவன் அப்படியே மூடிவிட்டேன். அண்ணனைக் கேட்காமல் பார்க்கக் கை வரவில்லை.

அண்ணே, இதைப் படித்தால், உங்களுக்குச் சம்மதம் இருந்தால், ஒருமுறை கூப்பிடுங்கள். உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.