சிலுவைத் திருநாளும் பழுக்காத திராட்சையும்

அயின் ரீஹ், பத்ரூன் மலை
செப்டம்பர் 20

சாவோ பாலோவில் வாழும் மாட்சிமை பொருந்திய வதீஹ் சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகள் மிர்னா பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், திராட்சையைத் தவிர.

நம் அயின் ரீஹில் செப்டம்பர் பதினாலு, சிலுவைத் திருநாளுக்கு முந்தின மாலை மலைமேல் நெருப்பு மூட்டி, மறுநாள் காலை பாதிரியார் தீர்த்தம் தெளித்ததும் முதல் குலையை வெட்ட வேண்டும் என்பது தாத்தா காலத்து வழக்கம். கடற்கரைக்காரர்களுக்கு அது சரி, அவர்கள் பழம் அதற்குள் தேனாகிவிடும். நம் மேட்டுத் தோட்டத்திலோ மத்தியானமானால் கடல்மூடுபனி கூப்பிடாத விருந்தாளி மாதிரி ஏறி வந்து செடிமேல் உட்கார்ந்துகொள்கிறது. தோல் கறுத்துவிடும், உள்ளே விதை இன்னும் பச்சை. அதை அறுத்துத்தான் வருஷா வருஷம் நம்ம சிவப்பு ஒயினைப் போடுறோம். அதைக் குடிச்சவங்க சிரிச்ச மாதிரி இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தா பல் கூசுது. பழக்கம் பழக்கம்னு பழத்தைக் கெடுக்கிறோம் சித்தப்பா! இந்த வருஷமும் புளிச்சா, பனிக்காலத்துல செடியை வேரோடு பிடுங்கிட்டு ஆப்பிள் வைக்கப் போறதா அப்பா சொல்லிட்டார். உங்க அண்ணன் தன்னூஸ் சொன்னா சொன்னதுதான், உங்களுக்குத் தெரியாததா. நானும் அவர் மகள்தான்: ஒரு செடியையும் பிடுங்க விடமாட்டேன்.

ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. போன வருஷம் கடைக்கோடி வரிசைகளில் குளவிக்கூடு இருக்கிறதென்று அறுவடைக்காரர்களிடம் புளுகி, இரண்டு வரிசையைக் காப்பாற்றினேன். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி நானே அறுத்து, ஆலிவ் ஊறுகாய் ஜாடியைக் கழுவி அதில் போட்டேன். ஈஸ்டருக்கு, நம் பாதிரியார் பட்டம் வாங்குமுன் கட்டிய மனைவி அடேல் அம்மாவிடம் ஒரு டம்ளர் நீட்டினேன். ஒரு வாய் குடிச்சாங்க, டம்ளரைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாங்க. அப்புறம், “எந்த ஊரு ஒயின்டி இது?”ன்னாங்க. “நம்ம மேடுதான்”னேன். “போடி பொய்க்காரி”ன்னு சொல்லிட்டு டம்ளரை மறுபடி நீட்டினாங்க. அப்பாவிடம் கொண்டு போனால், “நாள் தப்பி அறுத்ததை வாயில வைக்கமாட்டேன், எடுத்துட்டுப் போ” என்றார்.

அதனால்தான் இந்த வருஷம் நேரடி நடவடிக்கையில் இறங்கினேன். தீர்த்தம் தெளிக்காமல் வெட்டமாட்டார்கள் அல்லவா, திருநாளன்று விடிகாலையில் பாதிரியார் கார் டயரில் காற்றை இறக்கினேன். அவர் டிராக்டரில் நின்றுகொண்டே வந்து, வழியிலுள்ள கோழிகளையெல்லாம் ஆசீர்வதித்துவிட்டு நம் தோட்டத்தையும் ஆசீர்வதித்தார். தீர்த்தத் திட்டம் போச்சா, அடுத்து குலை வெட்டுற கத்தரி. இருபத்திரண்டு கத்தரியையும் முந்தின நாளே கோதுமைக் குருணை மூட்டைக்குள்ள புதைச்சிருந்தேன், ஆனா அம்மா அந்த மூட்டையை அப்படியே கடற்கரையில இருக்கிற அத்தை வீட்டுக்குத் தயிர்ல பிசைஞ்சு மாவாக்கிக் காயவைக்க அனுப்பி வச்சுட்டாங்க, இது எனக்குத் தெரியாது, அப்பா வீடெல்லாம் புரட்டிட்டிருக்கும்போது அத்தை போன் பண்றாங்க, “ஏன்டா தன்னூஸ், உன் கோதுமையில கத்தரி விளையுதே, நட்டா அரிவாள் முளைக்குமா?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓடவில்லை. ஒரு குலையை ஒடித்து வந்து, “தின்னு பாருங்கப்பா”ன்னு கையில வச்சேன். நாலு பழத்தை மென்றார். வலது கண்ணு தானா மூடிக்கிச்சு.

“புளிக்கல,” என்றார்.

“அப்ப கண்ணைத் திறங்க.”

“வெயில்டி.”

“மூடுபனியில வெயிலா?”

மிச்சக் குலையை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனார். அத்தை இங்கே வரும் திங்கட்கிழமைதான் கத்தரிகளும் திரும்பி வருகின்றன, அன்றே அறுவடையாம். என் கையில் மிச்சம் ஒன்றுமில்லை சித்தப்பா, நீங்கள்தான் மிச்சம். பத்திரத்தில் அந்த மேடு பாதி உங்களுடையது. சண்டை போட்டு நாலு வருஷமாக நீங்களும் அப்பாவும் பேசுவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் கோபத்தை மூணு வாரம் தள்ளி வச்சுட்டு, ‘அக்டோபர் பத்து வரை என் பாதியை யாரும் தொடக்கூடாது’ன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. எது யார் பாதின்னு அப்பாவுக்கே தெரியாது, அதனால மொத்தத்தையும் விட்டுடுவார்.

சித்திக்கும் தம்பிகளுக்கும் என் முத்தங்கள். உங்கள் பானையில் என்றும் காபி குறையாமலும், உங்கள் காதில் சித்தியின் குரல் அளவோடும் இருக்க மாதா அருளட்டும்.

கீழ்ப்படிதலுள்ள (உங்களுக்கு மட்டும்),
மிர்னா

பின்குறிப்பு: நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். உங்கள் பழைய பள்ளி நோட்டைப் பார்த்து மூன்று நாள் பழகி, உங்கள் கையெழுத்தில் நானே எழுதி, உங்கள் ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் கொண்டுவந்ததாக நேற்று அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கத்தரி வந்தாலும் அறுவடை இல்லை, அக்டோபர் பத்துக்குத் தள்ளியாச்சு. மேலே கெஞ்சினதெல்லாம் நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியணுமே, அதுக்குத்தான். கடைசியில் நீங்கள் அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். திராட்சைக்கு அது தேவையில்லைதான், கை போன போக்கில் வந்துவிட்டது. அப்பா அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு போன் பண்ணப் போறாராம். அதுக்குள்ள கிடைக்கணும்னுதான் இதைத் தபால்ல போடாம, படம் பிடிச்சுத் தம்பி போனுக்கு அனுப்புறேன். சித்தப்பா, தயவுசெய்து எடுங்க. எடுத்துட்டு, ‘நான் எழுதலையே’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.