கடலுக்கு ஒரே பக்கம்

துறைமங்கலம், பெரம்பலூர்
12.6.2004

மைத்துனர் செல்லதுரைக்கு, ராசாங்கம் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம், மாடு நலம். நான் நலமாக இல்லை. காரணம் நீ.

உன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த என்னை எழுப்பிவிட்டு உன் மேலதிகாரியை உட்காரவைத்ததைக்கூட நான் மறந்துவிட்டேன். இதை மறக்கமாட்டேன். காரை கிராமத்து ஓடைகளில் வெயிலில் அலைந்து, கல்லாகிப்போன நத்தைகளைப் பொறுக்கி, பத்து வருடம் எழுதிய 'பெரம்பலூரில் கடல் இருந்தது' என்ற என் நூலை, உனக்குத் தெரிந்த பதிப்பாளர் பிரித்துக்கூடப் பார்க்காமல், "ஒரே பக்கத்துல சுருக்கம் குடுங்க, யார் வாங்குவாங்கன்னும் அதுல எழுதுங்க" என்றாராம், நீயும் தலையாட்டினாயாம். அத்தனை பெரிய கடலை ஒரு தாளில் ஊற்ற முடியுமா? ஊற்றினேன். யார் வாங்குவார்கள் என்பதற்கு மட்டும் பதில் தோன்றவில்லை. கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு, பழைய பஸ் நிலையத்தருகே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் அச்சடிக்கக் கொடுத்தேன். அங்கேதான் வினை. கடைப்பெண் ஜெயசித்ராவுக்குப் பத்திரிகை அடித்தே கைப்பழக்கம். மேலே பிள்ளையார் சுழி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அடித்துப் பெயர்களுக்கு இடமும் விட்டுவிட்டாள். மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்த என் சித்தப்பா மகன் முத்துவேல் அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான்.

"வூட்ல விசேசம், பங்காளிக்கு ஒரு வார்த்த சொல்லலியேண்ணே?"

"விசேசம் இல்லடா. புத்தகம்."

"புத்தகம்னா பங்காளி பேரு வேணாமா?"

மறுநாள் பாடாலூரிலிருந்து பச்சையம்மாள் அத்தை பஸ் ஏறி வந்து, வாசலிலேயே நின்று கத்தினாள்: "கடலு இருந்துச்சுன்னு போடத் தெரியுது, அத்த இருக்கேன்னு போடத் தெரியலியாடா?" அரியலூர்ச் சகலை ஃபோனை எடுப்பதில்லை. உன் அக்காவோ, "எந்தம்பி பேரு இல்லாத பத்திரிக்க இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அடுப்பையே மூட்டவில்லை.

ஆகவே கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கி உடனே அனுப்பு. இனி ஒரு வரி எழுதமாட்டேன். அந்தக் கடலே திரும்பி வந்தாலும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்குக் கிடையாது.

கோபம் தணியாத,
ராசாங்கம்,
புவியியல் ஆசிரியர்

பி.கு.: கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிவிடாதே. சுருக்கம் இத்துடன் இருக்கிறது. கீழ்ப்பாதி நிறைந்துவிட்டது: பங்காளி, அத்தை, சகலை, மாமன் மச்சான் எல்லார் பெயரும் முறைப்படி. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, 'நூலை வாங்க இருப்பவர்கள்' என்று எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு இன்னும் தெரியாது. முதல் பெயர் உன்னுடையது. பத்துப் பிரதி.