ஞாயிற்றுக்கிழமைக் கப்பல்

"இந்த வீட்டுப் பொம்பளைக சோத்துக்காக பஸ் ஏறுனதா சரித்திரமே கிடையாது" என்று செந்தூர்வேல் சொன்னார். சொன்னார் என்பது ஒரு மரியாதைக்கு. தெருமுனை மெக்கானிக் கடை வரைக்கும் கேட்டது.

கோபம் வந்தால் அவருக்குச் சரித்திரம் வந்துவிடும். ஏரல் பக்கத்து வயல்காட்டுக் குடும்பம். வயலைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாகி, வாடகை வீட்டில் குடியேறி வருடக்கணக்கு ஆகிறது. வரும்போது சரித்திரத்தை மட்டும் விடாமல் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருடைய மனைவி வேல்விழி கேட்டது ஒன்றும் மலையைப் புரட்டும் காரியம் இல்லை. கல்லூரியில் கூடப் படித்தவர்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டு ஜாய் ஒருத்தி, காயல்பட்டினத்தில் இருக்கும் ஹிபா இன்னொருத்தி. மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று பேரும் ஓரிடத்தில் கூடுவது, இதுவரை வாயில் வைத்துப் பார்க்காத ஒன்றைச் சாப்பிட்டுப் பார்ப்பது, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்ட முதல் காரியம் இதுதான்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஹிபா வீட்டுல களரிக் கறி ஆக்குதாங்களாம். அவுக ஊருக் கல்யாண விருந்துல போடுற ஆட்டுக்கறி. நான் சாப்பிட்டதே இல்ல."

"சாப்பிடாததுனால செத்தா போயிட்ட?"

"உசுரோடதான இருக்கேன். அதான் சாப்பிட்டுப் பாக்கணும்ங்கேன்."

"கண்ட ஊருச் சோறு வயித்துக்கு ஆவாதுளா."

"போன வாரம் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிட்டு வந்தியளே, அது எந்த ஊருச் சோறு?"

"அது பார்சல். பார்சல் வேற, பயணம் வேற."

"பார்சல்னா வயித்துக்கு ஆவுமா?"

"எதுத்துப் பேசாத. இந்த வீட்டுல நான் இருக்க வரைக்கும் நீ காயலுக்குப் போவக் கூடாது. முடிஞ்சுபோச்சு."

வேல்விழி "சரிங்க" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தச் 'சரிங்க' அவருக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. ராத்திரிச் சாப்பாடு வரை சண்டை போடச் சரக்கு வைத்திருந்தார். எல்லாம் வீணாய்ப் போயிற்று.

இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே காயல்பட்டினத்துக்கு, அதே களரிக் கறி சாப்பிட அவரே கிளம்புவதாக இருந்தார். ஹாமிது என்று ஒரு சிநேகிதன். முன்பு இவரோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவன், இப்போது துபாயில் இருக்கிறான். லீவில் வந்தவன் இவரையும் ஜாயின் புருஷன் ஜோன்ஸையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தான். ஆம்பளை போனால் அது சிநேகிதம், பொம்பளை போனால் அது ஊர் சுற்றல். இப்படி ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறானோ. செந்தூர்வேல் குறட்டை விட்டே தூங்கினார்.

ஜோன்ஸிடம் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"ஏலே, வேல்விழிகிட்ட மூச்சு விட்டிராத."

"மாதா மேல சத்தியமா வேல்விழிகிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன், மாப்ள" என்றான் ஜோன்ஸ். பேசவும் இல்லை. அந்த மட்டில் அவன் யோக்கியன்.

சனிக்கிழமை சாயங்காலம் செந்தூர்வேல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "நாளைக்குக் கப்பல் வருது. ஆபீசுக்குப் போவணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"கப்பலுக்கு ஞாயிறு திங்கள் தெரியுமாளா? கடல்ல காலண்டரா தொங்குது?"

"பாவம். அப்ப மத்தியானச் சோறு கட்டித் தாரேன்."

"வேண்டாம். வெளிய பாத்துக்கிடுதேன்."

"கண்ட சோறு வயித்துக்கு ஆவாதுன்னு நீங்கதான சொன்னிய."

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாசலில் அஞ்சடுக்குக் கேரியர் நின்றது. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த பித்தளைக் கேரியர். தூக்கினால் தோள்பட்டை இறங்கிற்று.

"என்னதிது?"

"உளுந்தஞ்சோறு. மேல் தட்டுல எள்ளுத் துவையல்."

"மறுபடியும் உளுந்தஞ்சோறா? பருத்திக்கொட்டைய அரைச்சு வச்சா மாடாவது திங்கும். இத மனுசன் திம்பானா?"

வேல்விழியின் முகம் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுவும் ஒரு ஆளுக்கு எதுக்கு அஞ்சடுக்கு?"

"கப்பல்ல வாரவுகளும் பசியோட இருப்பாகள்லா. ஆளுக்கு ஒரு வாய் குடுங்க."

சந்தேகம் வரக் கூடாது என்று முதலில் துறைமுகச் சாலைப் பக்கமாக நடந்தார். அந்த முக்கில் இருந்த டீக்கடையில் பேப்பர் முழுவதையும் படித்தார். விளம்பரத்தைக்கூட விடவில்லை. அப்புறம் ஊரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. கேரியர் கையை அறுத்தது. ஜோன்ஸ் வெறுங்கையை வீசிக்கொண்டு நின்றிருந்தான். அதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விருந்துக்குப் போறவன் கட்டுச்சோறு கொண்டு போறத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றான் ஜோன்ஸ்.

"வாயப் பொத்திக்கிட்டு ஏறுலே."

திருச்செந்தூர் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கேரியருக்கு நிற்கவும் இடம் இல்லை. முக்காணிப் பாலம் தாண்டும்போது ஆற்றில் வீசிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. சோற்றை வீச மனசு வரவில்லை. மாமனார் கேரியரை வீசத் தைரியம் வரவில்லை. பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் அது முழங்காலில் இடித்தது. இடித்த ஒவ்வொரு தடவையும் அவர் வேல்விழியைத் திட்டினார்.

ஹாமிதின் வீட்டு முன்வாசலில் கால் வைத்ததும் முதல் வேலையாகக் கேரியரை அவன் கையில் திணித்தார்.

"இத எங்கயாவது கொண்டு போய் ஒழிச்சிரு. ஆடு கீடு இருந்தா போட்டுரு."

"ஊட்டுல குடுக்கேன்" என்று ஹாமிது திரைச்சீலையைத் தாண்டி உள்ளே போனான். காயல்பட்டினத்து வீடுகளில் ஆண்கள் இருக்க முன்கட்டு, பெண்கள் இருக்க உள்கட்டு. நடுவில் திரை. உள்ளே வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. செந்தூர்வேல் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் விஷயத்தில் அவர் பரம ஒழுக்கசாலி. ஹாமிதோடு இத்தனை வருடச் சிநேகிதம், அவன் மனைவி பெயரைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

பாயை விரித்து, நடுவில் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு தட்டை வைத்தார்கள். சஹன் என்று பெயர். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அவரவர் கைக்கு நேராக உள்ளது அவரவர் பங்கு.

"ஒரே தட்டா?" என்று செந்தூர்வேல் முகத்தைச் சுளித்தார்.

"சாப்பிட்டுப் பாரு வேலு" என்றான் ஹாமிது.

நெய்ச்சோறு வந்தது. களரிக் கறி வந்தது. ஒரு வாய் வைத்தார். சுளித்த முகம் தானாக நிமிர்ந்தது. இரண்டாவது வாய்க்குப் பேச்சு நின்றது. அப்புறம் பார்த்தால் அவர் கை எல்லை தாண்டி ஜோன்ஸ் பக்கத்து எலும்பைப் பிடித்திருந்தது.

"மாப்ள, அது என் தேசம்" என்றான் ஜோன்ஸ்.

"பேசாம தின்னுலே."

அடுத்ததாக ஒரு சோறு வந்தது. தட்டின் நடுவில் குவித்து, அதன் தலையில் கறிக்குழம்பை ஊற்றினார்கள். பூண்டும் தேங்காயும் வெந்தயமும் கமகமவென்று எழும்பின. செந்தூர்வேல் அள்ளிப் போட்டார். கண்ணை மூடினார்.

"இது என்னதுலே ஹாமிது? பாத்தா எங்க வீட்டு உளுந்தஞ்சோறு கணக்கா இருக்கு. ஆனா அது எங்க, இது எங்க?"

ஹாமிதுக்குப் புரையேறியது. ஜோன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு குழம்பை ஆராய்ச்சி செய்தான்.

"நெசமாத்தான் சொல்லுதேன்" என்று செந்தூர்வேல் குரலை உயர்த்தினார். நல்ல சோறு தின்றதில் கோபம்கூடக் கொழுத்திருந்தது. "எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்காளே. வருசக்கணக்கா இதே சோத்தத்தான் ஆக்குதா. மாட்டுத்தீவனம். இந்தக் கைப்பக்குவம் அவளுக்கு ஏழு சென்மத்துக்கும் வராது. இத ஆக்குன கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

"கத்துக்கிட்டா வராமலா போவும்?" என்றான் ஹாமிது மெதுவாக.

"கத்துக்கிடட்டும். மாசா மாசம் நானே அவள அனுப்பி வைக்கேன். எந்த ஊருக்குப் போவணுமோ போயி, சோறுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். இது செந்தூர்வேல் வார்த்த. சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சொல்லுதேன்."

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒரு குரல் வந்தது.

"ஏங்க, கப்பல் கரை சேந்துட்டா?"

செந்தூர்வேலின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுபோயிற்று.

"ஹாமிது அண்ணே, ஜோன்ஸ் அண்ணே, அவுக சொன்னத ரெண்டு பேரும் கேட்டியள்லா? மாசா மாசம் அனுப்புதேன்னு சோத்துல கைய வச்சுச் சொல்லியிருக்காக."

"நீ எப்படிளா இங்கன?" என்றார்.

"வீட்டுல நீங்க இருக்க வரைக்கும்தான போவக் கூடாதுன்னிய. நீங்க துறைமுகப் பக்கமா போன நேரத்துல நானும் ஜாயும் பஸ் ஏறிட்டோம். நீங்க தெரு வழியா வந்திய, நாங்க முடுக்கு வழியா வந்தோம்." அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடக்கவென்றே சந்துகள் உண்டு. அதற்குப் பெயர் முடுக்கு. "விருந்தாளி வெறுங்கையோட வரக் கூடாதுல்லா. எங்க ஊரு உளுந்தஞ்சோறு தின்னு பாக்கணும்னு ஹிபா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. அஞ்சடுக்கையும் சிந்தாமக் கொண்டு வந்து சேத்துட்டிய. கை வலிக்கோ?"

செந்தூர்வேல் ஜோன்ஸ் பக்கம் திரும்பினார். பார்வையிலேயே பொரித்துவிடுவார் போலிருந்தது. "சத்தியம் பண்ணுனியேலே, துரோகி."

"சத்தியத்த மீறல மாப்ள. வேல்விழிகிட்ட நான் பேசவே இல்ல. ஜாய்கிட்டதான் சொன்னேன். வீட்டுல பொய் சொல்லிப் பழக்கம் இல்ல பாத்துக்கோ."

"நீ ஏன்லே உம் பொண்டாட்டி பேரு ஹிபான்னு எங்கிட்ட சொல்லல?" என்று ஹாமிது மேல் பாய்ந்தார்.

"நீ கேக்கவே இல்லியே. அதோட இது என் ஊடு இல்ல வேலு. எங்க ஊருல மாப்பிள்ளதான் பொண்ணு ஊட்டுக்கு வந்து இருக்கணும். இது அவங்க ஊடு. உன்னக் கூப்பிடச் சொன்னதும் அவங்கதான்."

திரும்பும்போது கேரியர் இன்னும் கனத்தது. ஹிபா அஞ்சடுக்கிலும் களரிக் கறியும் நெய்ச்சோறும் நிரப்பிக் கொடுத்திருந்தாள். அதையும் செந்தூர்வேல்தான் சுமந்தார். பஸ் நிறுத்தத்தில் ஜாயும் ஜோன்ஸும் தள்ளி நின்றார்கள். அப்போதுதான் வேல்விழி வாயைத் திறந்தாள். இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

"பொய் சொன்னியளே, அதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரணும்னு எனக்கு ஆச இருந்த மாதிரிதான் உங்களுக்கும் இருந்திருக்கும். விடிய முன்னால எந்திச்சு ஆக்குன சோத்த மாட்டுத்தீவனம்னிய பாருங்க, அதுதான் எரியுது. வேற ஒருத்தி ஆக்குனான்னு நெனச்ச ஒடனே தங்கக் காப்பு. எரியாம என்ன செய்யும்?"

செந்தூர்வேல் கேரியரைக் கை மாற்றிக்கொண்டே சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். பஸ் வந்ததே போதும் என்று ஏறிக்கொண்டார்.

முன் இருக்கையில் வேல்விழியும் ஜாயும் அடுத்த மாதத்துக்குத் திட்டம் போட்டார்கள். திரேஸ்புரத்தில் ஜாயின் அம்மா வீடு. சங்குக் கறி. மிளகு தூக்கலாகப் போட்டு, சங்குச் சதையைப் பஞ்சுபோல வேகவைத்து வறுப்பார்களாம். இத்தனை வருடம் துறைமுகத்தில் குப்பை கொட்டியும் செந்தூர்வேல் சங்குக் கறியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. நாக்கில் நீர் ஊறியது. கோபத்தை விழுங்கிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"நானும் வாரேன்."

வேல்விழி திரும்பிப் பார்த்தாள். "நீங்க எப்படி வருவிய? அன்னைக்கும் ஞாயித்துக்கிழமைல்லா. கப்பல் வருமே."

"அந்தக் கப்பலே இல்லைளா" என்று கெஞ்சியிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் ஜோன்ஸ் பக்கத்தில் இருந்தான். ரோஷம் விடவில்லை. "ஆமா, வரும்" என்று சொல்லித் தொலைத்தார்.

வந்தது. அடுத்த மாதம், ஊரில் ஒரு கப்பலும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேல்விழி திரேஸ்புரத்தில் சங்குக் கறி தின்றுகொண்டிருந்த நேரத்தில், செந்தூர்வேல் பூட்டிய ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றைத் திறந்தார். உளுந்தஞ்சோறு, ஒரு ஆளுக்கு ஒரே அடுக்கு.